பளபளப்பு இல்லாத பாலிஷ்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைப் பார்க்கிறவர்கள் வழக்கமாக இரண்டு கேள்வி கேட்பார்கள். "இன்னும் பாலிஷ் போடலையா?" என்பது முதல் கேள்வி. போட்டாச்சு என்றதும், கையால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "எத்தனை வருஷம் தாங்கும்?" என்பார்கள். முதல் கேள்வி பழகிவிட்டது. எண்ணெயும் மெழுகும் கலந்த ஹார்ட் வாக்ஸ் ஆயில் பூசிய மரம் மினுங்காது. நிறம் கொஞ்சம் ஆழமாகும், ரேகை தெளிவாகத் தெரியும், அவ்வளவுதான். பளபளப்பு இருந்தால்தான் பாலிஷ் என்று பழகிய கண்ணுக்கு வேலை பாதியில் நின்றுபோனதாகத்தான் படும். இரண்டாவது கேள்விதான் என்னை விடாமல் அரித்துக்கொண்டிருந்தது. "தட்டு வைக்கிற இடம் ஒரு வருஷம் வரும், நடுப்பகுதி அதைவிடக் கூட வரும், அடிப்பக்கத்தைத் தொடவே வேண்டாம்" என்று உண்மையைச் சொன்னால், பாவம், யாரோ இவனை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள் என்கிற பார்வைதான் கிடைக்கிறது. காசு கொடுத்துப் பூசுகிற ஒன்று ஏன் இடத்துக்கு இடம் வேறு வேறு ஆயுளோடு இருக்க வேண்டும் என்பது நியாயமான சந்தேகம்தான். பதில் சொல்ல எனக்கு வெகுகாலம் ஆனது.

மேசை பழைய தேக்கு. இடித்த வீட்டிலிருந்து பழைய மரக்கடைக்கு வந்த உத்திரங்களை அறுத்துச் செய்தது. ஆசாரி வேலை முழுக்கப் புலம்பிக்கொண்டே செய்தார். உள்ளே எங்கோ ஒளிந்திருந்த ஆணி ஒன்று அவருடைய இழைப்புளித் தகட்டில் பல் விழ வைத்துவிட்டது. ஆணி இல்லாவிட்டாலும் தேக்கில் இயல்பாகவே சிலிக்கா கலந்திருப்பதால் எந்த வெட்டுக் கருவியும் சீக்கிரம் மழுங்கும். ஆனால் இழைத்து முடித்த பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தபோது அவரே கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். புதிதாக இழைத்த தேக்கு முதலில் திட்டுத் திட்டாக, பச்சையும் பழுப்புமாக, பார்க்கச் சகிக்காமல்தான் இருக்கும். வெளிச்சம் பட்டுச் சில நாள் போன பிறகு எல்லாம் ஒரே தேன் நிறத்துக்கு வந்து சேரும். அதற்கு முன்னால் பயந்துபோய், நிறமேற்றும் ஸ்டெயின் அடித்துவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

சதுர அடிக் கணக்கு

பாலிஷ் போட வந்த அண்ணன் காஞ்சிபுரத்துக்காரர், முப்பது வருடமாக இதே தொழில். சதுர அடிக்கு இவ்வளவு என்று ரேட் சொன்னார். மரத்தின் துளைகளை அடைக்கும் சீலர் இரண்டு கோட், நடுவில் உப்புத்தாள், பிறகு பி.யூ. ஸ்பிரே. "டைனிங் டேபிள்னா சுடுசாதம், குழம்பு, குழந்தைங்க எல்லாம் வரும் சார். பி.யூ. அடிச்சு விட்டுட்டா அஞ்சாறு வருஷத்துக்கு நீங்க திரும்பிப் பாக்க வேணாம்" என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பி.யூ., அதாவது பாலியூரிதேன், மரத்தின் மேல் உட்காரும் ஒரு கடினமான பிளாஸ்டிக் படலம். தண்ணீர், எண்ணெய், மஞ்சள் எதையும் அது உள்ளே விடாது. அந்தப் படலம் முழுசாக இருக்கும்வரை அதை வெல்ல எதுவும் இல்லை.

எனக்குக் கண்ணில் நின்றது என் அத்தை வீட்டு மேசை. அதுவும் பி.யூ.தான், யார் போட்டது என்பது இப்போது முக்கியமில்லை. மூன்றாவது வருடம் ஒரு விளிம்பில் கீறல் விழுந்து, அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே போய், படலம் வெள்ளையாக உப்பி, நகத்தால் உரித்தால் வருகிற மாதிரி ஆகிவிட்டது. ஒரு சாண் இடம்தான் கெட்டது. சரிபார்க்க வந்தவர் முழு மேல்பலகையையும் இறக்கித்தான் திரும்ப அடிக்க முடியும் என்றார். வீட்டுக்குள் மெஷின் போட்டுத் தேய்த்தால் ஒரு வாரம் தூசி பறக்கும் என்று பயந்து, அத்தை அதன் மேல் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றை விரித்துவிட்டார். அதற்கப்புறம் அந்த மேசையின் மரத்தை யாரும் பார்க்கவில்லை. யோசித்துப் பார்த்தால் நம் வீடுகளில் இது சர்வசாதாரணம். நல்ல மரம் வாங்கி, அதற்குப் பளபளவென்று பாலிஷ் போட்டு, அந்தப் பாலிஷ் கெடாமல் இருக்க அதன் மேல் பிளாஸ்டிக் விரித்து, அந்தப் பிளாஸ்டிக்கைத் துடைத்துக்கொண்டு வாழ்கிறோம்.

அதனால் நான் ஹார்ட் வாக்ஸ் ஆயில் டப்பாவை வாங்கிவைத்துவிட்டுத்தான் அண்ணனைக் கூப்பிட்டிருந்தேன். மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "இது எண்ணெய்தானே சார்?" என்றார். ஆமாம், எண்ணெய்தான். கொஞ்சம் மெழுகு.

எந்த எண்ணெய் காயும்

எண்ணெய் என்றதும் நம் ஊரில் ஒரு அவநம்பிக்கை வருவதற்குக் காரணம் உண்டு. நமக்குக் கை பழகியவை தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய். மூன்றும் மரத்துக்கு ஆகாது. தேங்காய் எண்ணெய் எத்தனை வருடம் ஆனாலும் எண்ணெயாகவே இருக்கும். நல்லெண்ணெய் அரைகுறையாகக் காய்ந்து பிசுபிசுவென்று நிற்கும், அதில் தூசி ஏறிக் கறுக்கும். பழைய அலமாரிக் கதவைத் தேங்காய் எண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்து துடைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருந்தது. துடைத்த அன்று பளிச்சென்று இருக்கும், அடுத்த மாதமே மறுபடி துடைக்க வேண்டியிருக்கும்.

காயும் எண்ணெய்கள் வேறு ஜாதி. ஆளிவிதை எண்ணெய்தான் அவற்றில் நமக்குத் தெரிந்தது. தெருவில் கிரிக்கெட் ஆடிய காலத்தில் புது வில்லோ மட்டை கிடைத்த அதிர்ஷ்டசாலிகள் லின்சீட் ஆயில் வாங்கித் தடவி மொட்டை மாடியில் படுக்கவைத்தது இதைத்தான். ஹார்டுவேர் கடைகளில் டபுள் பாயில்டு என்று விற்பதும் இதன் தம்பி. இவை தண்ணீர் ஆவியாவது மாதிரிக் காய்வதில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துக் கெட்டிப்படுகின்றன. காயக் காய எடை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. ஹார்ட் வாக்ஸ் ஆயிலின் அடிப்படை இந்த வேதியியல்தான். ஜெர்மனியின் ஓஸ்மோ தயாரிக்கும் பாலிக்ஸ் ஆயிலில் சூரியகாந்தி, சோயா, திசில் (ஒரு முட்செடி) எண்ணெய்களும் கார்னாபா, கேண்டலில்லா என்கிற தாவர மெழுகுகளும் இருக்கின்றன. நாம் அப்பளம் பொரிக்கும் சூரியகாந்தி எண்ணெய் தானாகக் காய மிகவும் சோம்பேறி. ஆனால் காய்வதைத் துரிதப்படுத்தும் உலோக உப்புகளைச் சேர்த்துவிட்டால் வேலைக்கு ஆகிறது, ஆளிவிதை அளவுக்குப் பின்னால் மஞ்சளாகவும் ஆவதில்லை. கார்னாபா என்பது பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை இனத்தின் ஓலையிலிருந்து எடுப்பது. வெயிலில் இலை நீரை இழக்காமல் இருக்க அந்த மரம் தானே பூசிக்கொள்ளும் மெழுகு. தேன்மெழுகு 62, 64 டிகிரியில் உருகிவிடும், கார்னாபா 82 தாண்டித்தான் உருகும். பெயரில் இருக்கும் ஹார்ட் இங்கிருந்துதான் வருகிறது.

டப்பாவின் மேல் இலை படம் போட்டு இயற்கை, இயற்கை என்று எழுதியிருப்பதை முழுசாக நம்ப வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பல வகைகளில் பெட்ரோலியக் கரைப்பான் உண்டு. வேகமாகக் காய இரண்டாவது குப்பியிலிருந்து கலக்கச் சொல்லும் சில வகைகளில், அந்தக் குப்பியில் இருப்பது பி.யூ.க்குக் கடினம் தரும் அதே ஐசோசயனேட் வேதிப்பொருள் குடும்பம். முழுக்கக் காய்ந்த பிறகு அதன் மேல் தட்டு வைத்துச் சாப்பிடுவதில் பயம் இல்லை. பூசும்போது ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். மரத்திலிருந்து வந்தது மரத்துக்குப் போகிறது என்கிற கவிதையெல்லாம் விற்பனைக்காரர்களுக்கு.

தடவியதைத் துடைத்தெடுப்பது

அண்ணனுக்கும் எனக்கும் முதல் சண்டை உப்புத்தாளில் வந்தது. தாளின் எண் கூடக் கூட அது நைசாகும்; அவர் கை 80, 120, 180 என்று ஏறி 320-க்குப் போகத் துடித்தது. படலம் பூசுகிறவருக்கு அது சரி, அடித்தளம் கண்ணாடி மாதிரி இருந்தால்தான் மேலே அடிக்கும் படலம் சீராக உட்காரும். எண்ணெய்க்கு அது ஆகாது. அதிகம் இழைத்தால் மரத்தின் வாய் மூடிக்கொள்ளும், எண்ணெய் குடிக்க வழி இருக்காது, மேலாக நின்று பிசுபிசுக்கும். பலகைக்கு 150-இல் நிறுத்தினோம். குறுக்கே அறுத்த இரண்டு முனைகளுக்கு மட்டும் இன்னும் ஒரு படி மேலே போனோம். முனை எப்படியும் மற்ற இடத்தைவிட வெறியாகக் குடித்து இருட்டாகும், அதைக் கொஞ்சம் கட்டுப்படுத்தத்தான். பிறகு தின்னர் நனைத்த துணியால் ஒரு துடைப்பு. துணி மஞ்சள் பழுப்பாக வந்தது. தேக்கிலும் ஈட்டி மரத்திலும் அவற்றின் சொந்த எண்ணெய்ச் சத்து இருக்கிறது. கரையான் கிட்டே வராததற்குக் காரணமான அந்தப் பொருட்களே மேலே பூசும் எண்ணெயைக் காயவிடாமல் இழுத்தடிக்கும். மேல்பரப்பில் இருப்பதை எடுத்துவிட்டு, உள்ளிருந்து அடுத்தது ஊறி வருவதற்குள் பூசிவிட வேண்டும்.

பூசுவது என்று சொல்கிறேனே தவிர, வேலையில் பாதி துடைப்பதுதான். ஒரு லிட்டர் 24 சதுர மீட்டர் ஒரு கோட்டுக்கு வரும் என்று டப்பாவில் போட்டிருக்கிறது. ஆறுக்கு மூன்றடி மேசையின் இரண்டு பக்கத்தையும் இரண்டு கோட் பூசினாலும் முந்நூறு மில்லியைத் தாண்டாது. முதலில் இதை நம்பவே முடியாது. ஒரு கரண்டி எண்ணெயை நடுவில் விட்டு, வெள்ளை நார்ப் பட்டையால் ரேகைக்குக் குறுக்கே தேய்த்துப் பரப்பி, பிறகு ரேகை போகும் திசையில் இழுத்துவிட்டோம். மரம் ஒரு நொடியில் விழித்துக்கொண்டது, அந்தக் கணம் எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. பத்து நிமிடம் விட்டோம். அப்புறம் லைட்டை அணைத்துவிட்டு, கைப்பேசி டார்ச்சைப் பலகையோடு பலகையாகப் படுக்கவைத்துப் பார்த்தால் நிலைமை தெரிகிறது. வெளிர்ந்த மரம் குடித்துத் தீர்த்து மங்கலாகக் கிடக்கிறது. கணு இருக்கும் இடத்தில் எண்ணெய் தொடப்படாமல் ஈரமாக மினுங்குகிறது. அந்த ஈரம் அத்தனையையும் எடுத்தாக வேண்டும். திருப்பூரிலிருந்து கிலோ கணக்கில் வரும் வெள்ளைப் பனியன் வேஸ்ட் இதற்கு உயிர். நூல் உதிராது, சாயம் இறங்காது, எண்ணெயை நன்றாக இழுக்கும். துணி வழுக்கிக்கொண்டு போனால் இன்னும் மேலே எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம். மரத்தில் லேசாகப் பிடித்துப் பிடித்துப் போக ஆரம்பித்தால் சரியான இடத்துக்கு வந்துவிட்டோம்.

அண்ணன் இதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்: "தடவினதை எல்லாம் துடைச்சு எடுத்துட்டா, காசு எங்க சார் நிக்கும்?"

சிரித்தோம். ஆனால் அவருடைய தொழிலின் கணக்கு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. சதுர அடிக்கு வாங்கும் கூலி கண்ணுக்குத் தெரிய வேண்டும். வாடிக்கையாளர் மேசையில் தன் முகத்தைப் பார்த்தால்தான் மீதிப் பணத்தை எண்ணி வைப்பார். கையில் ஒட்டாமல், கண்ணில் மினுங்காமல், மரம் மரமாகவே இருக்கிற வேலைக்கு எந்த நியாயத்தில் பில் போடுவது? இந்த எண்ணெய் இங்கே பரவாததற்கு விலை ஒரு காரணம் என்றால், அதை வைத்து யாரும் தங்கள் கைத்திறனைக் காட்ட முடியாது என்பது இன்னொரு காரணம் என்று தோன்றுகிறது.

சென்னைக் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. எட்டிலிருந்து பத்து மணி நேரத்தில் காயும் என்று போட்டிருப்பது 23 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்துக்கு. அப்படி ஒரு நாள் இந்த ஊரில் உண்டா? ஐப்பசி மழையில் பூசினால் காயக் காலதாமதம் ஆகத்தான் செய்யும். மாசி, பங்குனி எவ்வளவோ மேல். அதைவிட முக்கியம் காற்றோட்டம், ஆக்சிஜன் வந்தால்தானே காயும். ஃபேனை மேசைக்கு நேராக வைக்காமல் அறையில் காற்று சுழலும்படி விட்டு, அவசரப்படாமல் மறுநாள் இரண்டாவது கோட்டை முதலாவதைவிட மெல்லிசாகக் கொடுத்தோம். கையால் தொடக் காய்ந்துவிட்டாலும் உள்ளே கெட்டிப்பட இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை ஈரத்துணியைக்கூட அதிகம் காட்டக்கூடாது. அடிப்பக்கத்தையும் விடக்கூடாது. மேலே மட்டும் அடைத்துவிட்டால் ஈரம் ஏறி இறங்குவது ஒரு பக்கமாகவே நடந்து பலகை வளையும்.

துடைத்த துணிகளை மட்டும் சும்மா மூட்டையாகக் கட்டி மூலையில் போடக்கூடாது. எண்ணெய் ஆக்சிஜனை இழுக்கும்போது சூடு பிறக்கிறது. பலகையில் அந்தச் சூடு தெரியாது, காற்றோடு போய்விடும். கசக்கி வைத்த துணிக்குள் அது வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய்த் தானாகவே பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம் எரிந்தது இப்படித்தான். 22-ஆவது மாடியில் மர வேலைப்பாடுகளைப் புதுப்பித்தவர்கள் விட்டுப்போன ஆளிவிதை எண்ணெய்த் துணிகளில் தொடங்கிய தீ, மூன்று தீயணைப்பு வீரர்களின் உயிரைக் குடித்துவிட்டு, 30-ஆவது மாடியில் தெளிப்பான்கள் இருந்ததால்தான் நின்றது. அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. ஸ்பிரிட் பாலிஷ் துணி தீக்குச்சி பட்டால் எரியும், சும்மா இருக்கும்போது எரியாது, அவர் அனுபவம் அது. நான் துணிகளைத் தண்ணீர் வாளியில் முக்கி வைத்தேன். பால்கனிக் கம்பியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போட்டாலும் போதும்.

வாணலி வைத்த இடம்

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பிழிந்த துணியால் துடைக்க வேண்டும், சுடச்சுட இறக்கும் பாத்திரத்துக்குப் பிரிமணை வைக்க வேண்டும். சோடா கலந்த எதுவும், பாத்திரம் தேய்க்கும் பொடியும் பச்சை நாரும் மேசைப் பக்கம் வரக்கூடாது. காரம் எண்ணெயைச் சோப்பாக்கிக் கரைத்துவிடும். சாம்பார் சிந்தினால் உடனே துடைத்தாலும் மஞ்சள் நிழலாக ஒரு கறை நிற்கும். அதைத் தேய்த்துத் தொலைக்காமல் விட்டாலே போதும். மஞ்சளின் நிறம் வெயிலைத் தாங்காது, ஜன்னல் வெளிச்சத்தில் தானே வெளுத்துவிடும். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு முதல் நாளே இதையெல்லாம் சொன்னேன். "மேசைக்கு மருந்துச் சீட்டே குடுத்துட்டீங்களே" என்றார்.

ஆனால் பொங்கலுக்குச் சொந்தக்காரர்கள் வந்த இடத்தில் மருந்துச் சீட்டு செல்லாது. யாரோ இரும்பு வாணலியைக் கழுவி, ஈரத்தோடு மேசையின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார்கள். முந்தைய நாள் அதில் வத்தக்குழம்பு வைத்திருந்தது, புளி வேறு. காலையில் எடுத்தால், வாணலி விளிம்பின் அளவுக்கு ஒரு முழு வட்டம், மை போட்டு வரைந்த கறுப்பு. மரத்தில் இருக்கும் டானின் என்கிற துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் வருவது அது. மேலே படிந்த கறை இல்லை, மரமே நிறம் மாறிவிடுகிறது.

அந்த வாரம் அண்ணன் கீழ் வீட்டில் கதவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்த உடனே உதட்டைப் பிதுக்கினார். "முழுசா எறக்கிடணும் சார். வேற வழியில்ல." தொழில்முறைப் பதில். பி.யூ.வாக இருந்திருந்தால் அதுதான் சரியான பதிலும்கூட. சரி, நீங்கள் கொஞ்ச நேரம் இருங்கள் என்று சொல்லிவிட்டு உப்புத்தாளை எடுத்தேன். 120-ஐக் கட்டையில் சுற்றி, வட்டத்தின் மேல் மட்டும், ரேகையின் திசையில் மெதுவாகத் தேய்த்தால் பழைய எண்ணெய் மாவாக வந்தது. கறுப்பு மங்கியதே தவிரப் போகவில்லை. ஆக்சாலிக் அமிலத் தூளை வெந்நீரில் கரைத்து, பழைய பிரஷால் வட்டத்தின் மேல் தடவினேன். இது விஷம், கையுறையும் எச்சரிக்கையும் வேண்டும், காய்ந்த தூள் மூக்கில் ஏறக்கூடாது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, கறுப்பு சாம்பலாகி, சாம்பல் வெளிர் மஞ்சளாகி, கண்ணெதிரே மறைந்துகொண்டு போனது. அண்ணன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல தண்ணீரால் பலமுறை துடைத்துக் காயவிட்டேன்.

மறுநாள் 150-ஆல் அந்த இடத்தை மட்டும், ஓரங்களில் கை அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய், சுற்றியுள்ள பழைய எண்ணெயோடு கலக்கும்படி தேய்த்தேன். அரை ஸ்பூன் எண்ணெய் விட்டுப் பரப்பி, பத்து நிமிடம் விட்டுத் துடைத்தேன். மொத்தக் கைவேலை அரை மணி நேரம்கூட இல்லை. புது இடம் கொஞ்சம் வெளிறித் தெரிந்தது, சில வாரங்களில் வெளிச்சம் பட்டு மற்ற பலகையோடு சேர்ந்துகொண்டது. எங்கே எடுத்தேன் என்று எனக்குத் தெரியும் என்பதால் எனக்குத் தெரிகிறது. மற்றவர்களுக்குக் காட்டினாலும் புரியவில்லை.

அந்த அரை மணி நேரத்தில்தான் அரித்துக்கொண்டிருந்த கேள்விக்கு ஒரு வழி கிடைத்தது. ஒரு பூச்சு எத்தனை வருடம் தாங்கும் என்று கேட்பதைவிட, அது கெடும்போது எப்படிக் கெடும் என்று கேட்பது மேல். படலம் கெடும்போது ஒரு சாண் கெட்டாலும் மொத்தமும் கெட்ட மாதிரி. இந்த எண்ணெய் தட்டு வைக்கும் இடத்தில் தட்டு அளவுக்கும், முழங்கை படும் இடத்தில் முழங்கை அளவுக்கும் தேயும். தேய்ந்ததை அந்த அளவிலேயே திருப்பிக் கொடுக்கலாம். ஒரு துளி தண்ணீர் விட்டுப் பார்த்தால் போதும். முத்தாக நின்றால் நன்றாக இருக்கிறது, பரவி மரத்தை இருட்டாக்கினால் அங்கே எண்ணெய் கேட்கிறது என்று அர்த்தம். ஆக, இடத்துக்கு இடம் ஆயுள் மாறுவது இதன் குறை என்று நான் இப்போது நினைப்பதில்லை.

அண்ணன் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார், அது என் பெருமையைக் கொஞ்சம் தட்டியும் விட்டது. "இதைத்தானே சார் எங்க அப்பா காலத்துல ஸ்பிரிட் பாலிஷ்ல செஞ்சாங்க?" என்றார். யோசித்தால் உண்மைதான். அரக்குப் பூச்சி புரசு மாதிரி மரங்களில் கூடு கட்டி விடும் பிசினைச் சுத்தம் செய்து, ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப் பந்தால் அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றுவது அந்தப் பாலிஷ். அதன் மேல் புதுக் கோட் கொடுத்தால் அது பழைய கோட்டைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு ஒன்றாகிவிடும். ஒட்டுப் போட்ட இடம் தெரியாது. உலகத்துக்கே அரக்கு கொடுத்த நாடு இது, இன்றும் ஜார்க்கண்டில் அதை நம்பிப் பிழைக்கிறவர்கள் ஏராளம். ஜெர்மனியிலிருந்து வந்த டப்பாவில் நான் கண்டுபிடித்ததாக நினைத்த குணம் அவருடைய அப்பாவின் கையில் இருந்திருக்கிறது. சூட்டில் வெள்ளை வளையம் விழும், சாராயம் பட்டால் கரையும், தண்ணீர் நின்றால் கெடும் என்பதால்தான் சாப்பாட்டு மேசையிலிருந்து அது விலகியது. அங்கே மெழுகெண்ணெய் ஒரு படி மேல். அந்த இடத்தை பி.யூ. பிடித்துக்கொண்டபோது தண்ணீர் பயம் போனது, கூடவே பழுது பார்க்கும் வழக்கமும் போய்விட்டது. "எறக்கி அடிச்சாத்தான் எங்களுக்கும் வேலை" என்று அண்ணன் சொன்னபோது குரலில் வருத்தம் எதுவும் இல்லை, ஒரு விவரமாகத்தான் சொன்னார்.

வேண்டாத இடங்கள்

எல்லா மரத்துக்கும் இதையே பூசுங்கள் என்று சொல்ல மாட்டேன். வெயிலும் மழையும் நேராக அடிக்கும் வாசல் கதவுக்கு வீட்டுக்குள் பூசும் வகை ஆகாது. குளியலறைக் கதவின் கீழ்ப்பகுதிக்கும் வேண்டாம், அங்கே தினமும் தண்ணீர் நிற்கும். பூஜை அலமாரியில் விளக்கு எண்ணெய் வழியும் தட்டுக்கு இதைப் பூசினால் காயாத எண்ணெய் காய்ந்த எண்ணெயின் மேல் ஊறி ஊறிக் கறுக்கும், அங்கே ஒரு பித்தளைத் தாம்பாளம் வைப்பது உத்தமம். நிலைப்படியில் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிறார். அந்த இடத்தை நான் பூசாமலே விட்டுவிட்டேன், அம்மாவின் மஞ்சளும் ஒரு பூச்சுதான். வாடகை வீட்டில் இருக்கிறவர்கள், மேசையைத் துடைப்பதே பெரும்பாடு என்கிறவர்கள் பி.யூ.வே போடுங்கள். பராமரிக்க நேரமோ மனமோ இல்லாத வீட்டில் எண்ணெய் பூசிய மரம் இரண்டாம் வருடமே வறண்டு, அழுக்கு உள்ளே ஏறி, பார்க்கப் பரிதாபமாக இருக்கும்.

டப்பாவை எப்போதும் சின்னதாக வாங்குங்கள். திறந்து மூடிய டப்பாவில் உள்ளே இருக்கும் காற்றே மேலாக ஆடை கட்டிவிடும். நான் மிச்சத்தை வாய் குறுகலான கண்ணாடிக் குப்பிக்கு மாற்றி, கோலிக்குண்டுகளைப் போட்டு மட்டத்தை வாய்வரை ஏற்றி வைத்திருக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை மேசையைத் தொட அது போதும்.

இப்போதைக்கு அடுத்த வேலை ஊரிலிருந்து வந்து சேர்ந்திருக்கும் ஊஞ்சல் பலகை. அதுவும் தேக்கு. மேலே தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்து வழுவழுத்திருக்கிறது, கீழே பழைய வார்னிஷ் பொருக்குத் தட்டிக் கிடக்கிறது. வார்னிஷைச் சுரண்டாமல் எண்ணெய் உள்ளே இறங்காது, அதனால் கீழ்ப்பக்கம் இழைத்தே ஆக வேண்டும். மேல்பக்கத்தில் அந்த வழுவழுப்பை எடுக்க மனம் வரவில்லை, 180-ஆல் லேசாக ஒரு தட்டு தட்டிவிட்டு எவ்வளவு குடிக்கிறது என்று ஒரு மூலையில் பார்க்கப் போகிறேன். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார். சங்கிலி பித்தளை, ஆனால் பலகையின் நாலு மூலைக் கொண்டிகள் இரும்பு மாதிரித் தெரிகிறது. அதைச் சுற்றி இப்போதே கறுத்திருக்கிறது. கொண்டியை மாற்றிவிட்டுத்தான் குப்பியைத் திறக்க வேண்டும்.